வராத காருக்கு முழுப்பேர்

மலர்புரத்தில் இருப்பது ஒரே ஒரு வீதி. ஆகவே அதற்குப் பிரதான வீதி என்று பெயர் வைத்திருந்தார்கள். மடுல்சீமை டவுனிலிருந்து தோட்டத்துக்குப் போகிற பாதையை விட்டு இடது பக்கம் பிரிந்து, மலையில் செங்குத்தாக ஏறி, நடுவில் ஒரு கொண்டை வளைவில் மூச்சு வாங்கி, மறுபடி ஏறி, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை வீரய்யாவின் வாசலில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு மேலே தேயிலை. இரண்டு பக்கமும், தோட்டத்து லய அறைகளிலிருந்து கிளப்பிக் கொண்டுவந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த தனி வீடுகள். கொங்கிரீட் போட்டு முடித்ததும் நாடா வெட்ட வந்த பெரிய மனிதர் தன் வாகனத்தைக் கீழேயே நிறுத்தி, நாடாவையும் கீழேயே கட்டச் சொல்லி, கீழேயே வெட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த வீதி எந்த வாகனத்துக்குப் பொருத்தம் என்பதை முதலில் கண்டுகொண்டவர் அவர்தான். கைதட்டிய சத்தத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

வீதியின் வாயிலேயே, மலைத் தண்ணீர் போவதற்காகக் குறுக்கே ஒரு கான் வெட்டியிருந்தது. மோட்டார் சைக்கிள் அதை லேசாகத் தாண்டிவிடும். ஆட்டோ கொஞ்சம் கோணலாகத் திரும்பி, ஒவ்வொரு சில்லாக இறக்கி ஏற்றி வந்துவிடும். வளைவில் மட்டும் உள்ளே இருப்பவர்கள் இறங்கி ஒரு கை தள்ளிக் கொடுக்க வேண்டும். அதற்காகக் கூலி குறையாது. எந்தச் சிரமமும் இல்லாமல் போய் வந்தது அஜந்தனின் லேண்ட் மாஸ்டர் ஒன்றுதான். இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு பெட்டியைப் பூட்டிய வண்டி அது. கறுப்புப் புகை, ஒழுகுகிற ஒயில், பக்கத்தில் நின்று பேச முடியாத சத்தம். காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, சீமெந்து, போஞ்சி மூட்டை, பிள்ளை பெறப் போகிற பெண்கள், எல்லாம் அதில்தான் ஏறின, இறங்கின. ஆடு மாதிரி ஏறும், எருமை மாதிரி கத்தும் என்று அஜந்தனே சொல்லிக்கொள்வான்.

வீரய்யா அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர். அவரை யாரும் தெரிவு செய்யவில்லை. முதல் கூட்டத்துக்கு மேசை கொடுத்தவர் அவர். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவரும் அவர். அதோடு விஷயம் முடிந்துவிட்டது.

வேலையில் இருந்த காலத்தில் அவருடைய ராஜ்யம் பெரட்டுக்களம். விடிந்தும் விடியாமலும் பெண்கள் பனியில் வரிசையாக நிற்பார்கள். கணக்கப்பிள்ளை காக்கி அரைக்கால்சட்டையும் முழங்கால் வரைக்குமான காலுறையும் போட்டுக்கொண்டு வந்து, யார் எந்த மலைக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவார். சாயந்தரம் கொழுந்து நிறுக்கும்போது நிறை காணாவிட்டால் அரைப்பேர். அரைப்பேர் என்றால் முழு நாள் குனிந்ததற்கு அரை நாள் சம்பளம். தராசு முள் எங்கே நின்றாலும் சாக்குக்கு ரெண்டு கிலோ, தண்ணிக்கு ரெண்டு கிலோ என்று அவர் கழித்துவிட்டுத்தான் சொல்வார், வெயில் கொளுத்துகிற நாளிலும். பிந்தி வந்தவளை ஏறிட்டும் பார்க்க மாட்டார். "பெரட்டு முடிஞ்சிருச்சு" என்பார், அவ்வளவுதான். அஜந்தனின் அம்மா சுதர்ஷினி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஓடி வந்து நின்ற காலையிலும் அதைத்தான் சொன்னார். அந்தக் காய்ச்சல் பிள்ளைதான் அஜந்தன். வீட்டில் சோறு இல்லாத நாட்களில் அந்த வாக்கியத்தைக் கேட்டே வளர்ந்தவன்.

இன்னொரு பக்கமும் உண்டு. மலைக்கே வராத சில பேருக்கு முழுப்பேர் விழும். அன்று சாயந்தரம் கணக்கப்பிள்ளை வீட்டில் கோழி வேகும்.

ஓய்வுபெற்ற பிறகு வீரய்யாவுக்குப் பேர் போட ஆள் இல்லை. மனைவி பாக்கியலெட்சுமி ஒருத்திதான் மிச்சம். அவளுக்கு என்றைக்கும் அரைப்பேருக்கு மேல் விழுந்ததில்லை.

இப்படி இருக்கையில், கொழும்பில் துணிக்கடையொன்றில் முகாமையாளராக இருக்கும் மகன் ஜெயரூபன் கார் வாங்கிவிட்டான். வெள்ளை நிறம், ஜப்பானிலிருந்து வந்தது, நிலத்தோடு ஒட்டிய உயரம். கல்யாணம் முடித்த பிறகு அவன் தோட்டத்துப் பக்கம் தலைகாட்டவில்லை. மருமகள் விதுஷா கொழும்பு வெள்ளவத்தைப் பிள்ளை. மாமனார் வீட்டை அவள் இன்னும் கண்ணால் பார்த்தது கிடையாது. தீபாவளிக்கு வருகிறோம் என்று மகன் போனில் சொன்னான். ஆனால் ரோடு எப்படி இருக்கிறது, அந்த லேண்ட் மாஸ்டர் மண்ணையும் ஒயிலையும் கொட்டி வைத்திருக்குமே, விதுஷா செருப்பில் சேறு படாமல் வாசலில் இறங்க முடியுமா, முடியாதென்றால் வேறொரு சமயம் பார்ப்போம் என்றும் சொன்னான்.

வீரய்யா மறுநாளே வீடு வீடாகப் போனார். தீபாவளிக்கு மகன் வருகிறான். காரில் வருகிறான். வாசல் வரைக்கும் வருகிறான். இதை ஒருத்தரிடமும் அவர் குரலைத் தாழ்த்திச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாகனங்களுக்குப் பெரட்டு.

கேட்டவர்கள் முதலில் பகிடி என்று நினைத்தார்கள். ஆனால் வளைவில் பிளாஸ்டிக் கதிரை போட்டாகிவிட்டது. அலமாரியிலிருந்து காக்கி அரைக்கால்சட்டையும் நீளக் காலுறையும் வெளியே வந்துவிட்டன. காலுறை மட்டும் இழுவை போய், நிமிஷத்துக்கொரு தரம் கணுக்காலில் விழுந்தது. மலர்புரத்தில் ஓடுகிற ஒவ்வொரு வாகனமும் கீழிருந்து மேலே அவர் முன்னால் ஏறிக் காட்ட வேண்டும். ஏறியதைப் பார்த்து அவர் பேர் போடுவார். முழுப்பேர் விழுந்தால் வாசல் வரை போகலாம். அரைப்பேர் விழுந்தால் வளைவு வரை.

யாராவது ஒருவர் எழுந்து, இது என்ன கூத்து என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கால்சட்டையைக் கண்டதும் பெண்கள் வரிசையாக நின்றுவிட்டார்கள். பழக்கம் அப்படி.

மோட்டார் சைக்கிள்களுக்கு முழுப்பேர். ஆட்டோக்களுக்கு முழுப்பேர், ஆனால் பாட்டுப் போடக் கூடாது. டவுனிலிருந்து மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் வரும் ஷிபானுக்கு, வாசம் காரணமாக அரைப்பேர். அப்படியென்றால் ஐயாவுக்கான பாரை மீனை வளைவிலேயே வைத்துவிட்டுப் போகவா என்று அவன் மரியாதையாகக் கேட்டான். வீரய்யா காலுறையை மேலே இழுத்துவிட்டு, பாரை இருக்கிற நாளில் முழுப்பேர் என்று திருத்தினார்.

கடைசியில் லேண்ட் மாஸ்டர் வந்தது. அரிசி மூட்டையோடும், மூட்டைகளின் மேல் உட்கார்ந்த இரண்டு கிழவிகளோடும், எங்கேயும் நிற்காமல் உச்சி வரை போய்த் திரும்பி வந்தது. அதைவிட ஒழுங்காக அன்றைக்கு எதுவும் ஏறவில்லை. வீரய்யா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்.

"அரைப்பேர்."

அஜந்தன் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஏன் என்று கேட்டான்.

"சத்தம், பொகை, ஒயில். இது கார் போற ரோடு. இனிமே வளைவோட நிப்பாட்டிக்க."

"எந்தக் காருங்க?"

வீரய்யா, பெரட்டு இன்னும் முடியவில்லை என்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து, வெறுமையாகக் கிடந்த ரோட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். ஜெயரூபன் கார். ஒரு காகம் தத்திப் போனது. முழுப்பேர் என்றார்.

"ஆளையே காணோம், பேர் விழுந்துருச்சு. இன்னைக்குக் கோழி யார் குடுக்குறதுடி?" என்றாள் சுதர்ஷினி, பக்கத்தில் நின்றவளிடம், எல்லாருக்கும் கேட்கும்படி. சிரிப்பு வரிசையின் கடைசி வரை போய் அங்கேயே அடங்கியது. அன்று சாயந்தரம் வளைவில் சுண்ணாம்பால் ஒரு கோடு விழுந்தது. வீதியின் வாயில், கானுக்கு முன்னால், ஒரு போர்டு நட்டார்கள். மலர்புரம் பிரதான வீதி, உயர் ரக இலகு வாகனங்களுக்கு மட்டுமே உகந்தது.

அதன் பிறகு காஸ் சிலிண்டர்கள் கோட்டில் இறங்கின. வளைவில் ஆளையே இறக்கித் தள்ளவிடுகிற ஆட்டோ சுமை ஏற்றாது. அங்கிருந்து பெண்கள் அவற்றைத் தலையில் வைத்து ஏற்றினார்கள். மலையில் கொழுந்து சுமந்து இறக்கிவிட்டு வந்தவர்கள், வீட்டுக்கு அரிசி சுமந்து ஏறினார்கள். வளைவுக்கு மேலே இருந்த குடும்பங்களுக்குக் கழுத்து நோவு வந்தது. வளைவுக்குக் கீழே இருந்தவர்கள், வீதியின் அழகு கூடியிருப்பதாகச் சொன்னார்கள். உச்சி வீட்டுக்கு, அதாவது கணக்கப்பிள்ளை வீட்டுக்குத்தான் தூரம் அதிகம். அந்தச் சிலிண்டரைப் பாக்கியலெட்சுமி சுமந்தாள். ஒரு நாள் சுதர்ஷினி பாதி வழியில் கை கொடுத்து, ஐயா எங்கே என்று விசாரித்தாள். வாசலில் கார் நிற்கிற இடத்தை அளந்துகொண்டிருக்கிறார் என்றாள் பாக்கியலெட்சுமி. சிரிக்காமல் சொன்னதால் அது இன்னும் மோசமாக இருந்தது.

மழைக்காலம் வந்து கொங்கிரீட்டில் பாசி பிடித்தது. தீபாவளி அன்று, எண்ணெய் முழுக்கு முடிந்த கையோடு, வீரய்யா பாசியைக் கழுவ ஆரம்பித்தார். மற்ற இடமெல்லாம் எப்படியோ போகட்டும். தன் வாசலிலிருந்து வளைவு வரை வெள்ளைக் காரின் சில்லில் பச்சை ஒட்டக் கூடாது. சவர்க்காரத் தூள் பைக்கட் பைக்கட்டாகக் கொட்டி, தும்புத்தடியால் தேய்த்தார். வீதி முழுக்க நுரை. அலசுவதற்குக் குழாயைத் திறந்தால், பண்டிகை நாள், எல்லா வீட்டிலும் முழுக்கு, தண்ணீர் இல்லை. கொஞ்சம் பொறுத்து அலசிக்கொள்ளலாம் என்று உள்ளே போய்ப் புது வேட்டி கட்டினார். அப்போதுதான் போன் வந்தது. மடுல்சீமை டவுனைத் தாண்டிவிட்டோம் என்றான் மகன்.

வளைவில் நின்று கை காட்டினால்தான் கார் சரியாகத் திரும்பும் என்று வீரய்யா வெளியே ஓடினார். அந்த வீதி எதற்குப் பொருத்தம் என்று அத்தனை பேருக்கும் தீர்ப்புச் சொன்னவர், சவர்க்கார நுரையில் ரப்பர் செருப்புக்குப் பொருத்தமா என்று மட்டும் யோசிக்கவில்லை. வாசலுக்குக் கொஞ்சம் கீழே கால் போய், இடுப்பு கொங்கிரீட்டில் இறங்கியது. காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

ஜனம் கூடிவிட்டது. யாரோ அம்புலன்ஸுக்குப் பேசினார்கள்; அது வேறொரு விபத்துக்காகப் பசறைப் பக்கம் போயிருக்கிறது, வர நேரமெடுக்கும் என்று பதில் வந்தது. ஆட்டோவைக் கொண்டுவந்து உட்கார வைக்கப் பார்த்தார்கள். ஆட்டோவில் உட்கார இடுப்பு வேண்டும். அவர் போட்ட கூச்சலில் ஆட்டோக்காரனே பயந்து பின்வாங்கிவிட்டான். நீட்டிப் படுக்க வைக்கிற மாதிரி ஒரே ஒரு வாகனம்தான் மலர்புரத்தில் இருந்தது.

அஜந்தன் வந்தான். யாரும் கூப்பிடாமலே வந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். லேண்ட் மாஸ்டரைக் கிளப்பி, கறுப்புப் புகையோடு ஏறி, வளைவில் சுண்ணாம்புக் கோட்டுக்கு முன்னால் நிறுத்தினான். முன் சில்லு கோட்டைத் தொடவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

மேலே வரச் சொல்லி வீரய்யா கையை அசைத்தார். அஜந்தன் எஞ்சினுக்கு மேலாகக் கத்திச் சொன்னான்.

"அரைப்பேர்தானுங்களே ஐயா. கோடு இருக்கு."

பாக்கியலெட்சுமி கீழே இறங்கிப் போய்க் கேட்டாள். அவள் கேட்டு அவன் மறுத்த விஷயம் எதுவும் அதுவரை இல்லை. நீங்க பேர் போடலீங்களேம்மா, போட்டவர் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றான். அவள் மேலே திரும்பி வந்து, புருஷனின் தலைமாட்டில் நின்றுகொண்டாள்.

வீரய்யா யோசித்தார். இடுப்பு முறிந்து கிடக்கிற மனிதர் யோசிப்பதைச் சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கத்தைக் கூட்டித்தான் அதை மாற்ற வேண்டும் என்றார். சங்கம் முழுக்க இங்கேதான் நிற்கிறது என்று ஒருத்தர் சொன்னார். அப்படியும் வாயிலிருந்து வரவில்லை. முழங்காலை மடக்கிப் பார்த்தார், வலி தாடை வரைக்கும் ஏறியது. அப்புறம்தான் வந்தது, வளைவுக்குக் கேட்கும்படி.

"சரி. முழுப்பேர். லேண்ட் மாஸ்டருக்கு முழுப்பேர். வாடா மேல."

அஜந்தன் எஞ்சினை நிறுத்தினான். மலையே அமைதியானதுபோல இருந்தது. சூரியன் எங்கே நிற்கிறது என்று அண்ணாந்து பார்த்தான்.

"பெரட்டு முடிஞ்சிருச்சுங்க ஐயா."

யாரும் சிரிக்கவில்லை. சுதர்ஷினி மட்டும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தவர்களும் உண்டு.

கோட்டிலேயே நிற்கிறேன், தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றான் அஜந்தன். தூக்குவதற்கு ஆண்களைத் தேடினால், பாதிப் பேர் காலையிலேயே கொண்டாட ஆரம்பித்து, தங்களையே தூக்க ஆள் தேடும் நிலையில் இருந்தார்கள். பெண்கள்தான் முன்வந்தார்கள். ஆனால் எல்லாரும் புதுச் சேலையில் இருந்தார்கள். அழுக்குப் படக் கூடாது, மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறோம் என்று வீடுகளுக்குப் போனார்கள். அவசரப்படவில்லை. கொக்கிகளைக் கழற்றி, சேலையை மடித்து வைத்து, மலைக்குக் கட்டுகிற பழையதைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அவ்வளவு நேரமும் தலைவர் நுரையில் கிடந்தார். நுரை காய ஆரம்பித்திருந்தது.

கொழுந்து கொட்டுகிற படங்கு ஒன்றைக் கொண்டுவந்து விரித்து, அவரை அதில் புரட்டிப் போட்டார்கள். பலகை ஒன்றைத் தேடியிருக்கலாம். யாருக்கும் அது தோன்றவில்லை. நாலு மூலைக்கு நாலு பேர், இடுப்புக்கு நேரே இரண்டு பேர். தூக்கியதும் படங்கு குழிந்தது, வீரய்யா நடுவில் கூட்டிய கொழுந்து மாதிரி மடங்கினார். அவர் கத்தக் கத்த அவர்கள் இறங்கினார்கள். கையில் கனத்தோடு சரிவில் இறங்குகிற வேலை அவர்களுக்குப் புதிதில்லை. ஒரே தாளத்தில் அடி வைத்தார்கள்.

"எவ்வளவுடி இருக்கும்?" என்றாள் தலைமாட்டு மூலையைப் பிடித்திருந்தவள்.

சுதர்ஷினி படங்கை ஒரு தரம் மேலே தூக்கிப் பார்த்தாள், நிறை பார்க்கிறமாதிரி.

"அறுவது வரும். சாக்குக்கு ரெண்டு, தண்ணிக்கு ரெண்டு கழிச்சிரு. நனைஞ்சு வேற கெடக்கு, இன்னும் ரெண்டு." படங்குக்குள் குனிந்து கேட்டாள். "நிறை காணாதுங்களே ஐயா. அரைப்பேர்னு சொல்லட்டுங்களா?"

அப்போது சிரித்தார்கள். படங்கு குலுங்குகிற அளவுக்குச் சிரித்தார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பின்னால் நடந்து வந்த பாக்கியலெட்சுமி, மெதுவாகக் கொண்டு போங்கள் என்று சொல்லவில்லை.

கோட்டில் படங்கோடு சேர்த்தே லேண்ட் மாஸ்டர் பெட்டியில் ஏற்றினார்கள். பாக்கியலெட்சுமி தலைமாட்டில் ஏறி உட்கார்ந்தாள். வளைவைத் திரும்பி வண்டி இறங்கி, வீதியின் வாயை நெருங்கியதும் நின்றுவிட்டது. வழி அடைத்திருந்தது.

கார் வந்திருந்தது. முன் சில்லுகள் கானைத் தாண்டிவிட்டன. பின் சில்லுகள் அந்தப் பக்கம். வயிறு மட்டும் கானின் விளிம்பில் அடைக்கோழிபோல உட்கார்ந்திருந்தது. அடியிலிருந்து ஏதோ சொட்டியது. லேண்ட் மாஸ்டரின் ஒயிலைவிடக் கறுப்பாக இருந்தது. கண்ணாடியை மூடிய காருக்குள் விதுஷா காதில் போனை வைத்திருந்தாள். ஜெயரூபன் போர்டுக்குப் பக்கத்தில் நின்று, அதை மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டிருந்தான்.

"ஏறும்னு சொன்னாரே" என்றான், அஜந்தனிடம்.

அதற்கப்புறம்தான் பெட்டியை எட்டிப் பார்த்தான். அப்பா என்று கூப்பிட்டான். முகம் கொஞ்சம் சுருங்கியது, அதை மறுப்பதற்கில்லை. பிறகு அவன் கண் அப்பாவின் வேட்டிச் சேற்றிலிருந்து காரின் பின் இருக்கைக்குப் போய், மறுபடி வேட்டிக்கு வந்தது. இதிலேயே படுத்தபடி வருவதுதான் அவருக்கு வசதி, தான் பின்னால் வருகிறேன் என்றான். முதலில் காரைத் தூக்க வேண்டும் என்றும் சொன்னான். அது உண்மைதான். கார் நகராமல் அவரை வெளியே கொண்டுபோக முடியாது.

படங்கு தூக்கிய பெண்கள் கீழே இறங்கி வந்து, காரின் முன்பக்கத்தைப் பிடித்தார்கள். விதுஷா இறங்கினால் பாரம் குறையும் என்று ஒருத்தி சொன்னாள். ஜெயரூபன் கண்ணாடியைத் தட்டினான். விதுஷா வெளியே சேற்றைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அவளோடு சேர்த்தே தூக்கினார்கள்.

பெட்டியில் மல்லாந்து கிடந்த வீரய்யாவுக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. மனைவியின் கையைத் தேடிப் பிடித்தார். இத்தனை வருஷத்தில் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை என்பதால், அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"காரு எதுவரைக்கும் வந்துச்சு?"

"போர்டு வரைக்கும்" என்றாள்.

"கானத் தாண்டிருச்சா?"

"பாதி தாண்டிருச்சு."

கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தார். உதடு வெளுத்துப் போயிருந்தது, ஆனால் குரலில் அந்தப் பழைய கட்டை மட்டும் இறங்கவில்லை.

"போர்டுக்கு உள்ளுக்கு வந்துட்டா வீதிக்கு வந்த கணக்குத்தான். முழுப்பேர்னு சொல்லிரு. சுதர்ஷினிக்குக் கேக்குற மாதிரி சொல்லு."

மலையிலிருந்து தூறல் இறங்க ஆரம்பித்தது. பாக்கியலெட்சுமி கையை விடுவித்துக்கொண்டு, படங்கின் ஓரத்தை இழுத்து அவர் முகத்தையும் சேர்த்து மூடினாள். உள்ளேயிருந்து அவர் இன்னும் பேர் போட்டுக்கொண்டிருந்தார்.